கையால் செய்ய வேண்டியவை

கரண்ட் போவதற்கும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கும் நடுவில் பத்து விநாடி உண்டு. நாமெல்லாம் அந்தப் பத்து விநாடியில் யாரையாவது திட்டுவோம், செல்போனைத் தேடுவோம், மேசைக் காலில் முட்டிக்கொள்வோம். பட்டியல்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார். முப்பத்தைந்து வருடம் ஜெனரேட்டர் வைத்துக் கொடுத்தே பிழைத்த மனிதருக்கு, ஜெனரேட்டர் ஓடாத அந்தப் பத்து விநாடிதான் பிடிக்கும் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் மனைவியைத் தவிர யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓயும். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். அத்தனை சத்தத்துக்கும் அடியில் அதுவரை கிடந்த ஏதோ ஒன்று மெல்ல மேலே வரும். ஒரு வங்கியில் அது பல்லியின் குரலாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாவது மாடியில் யாரோ ஒரு டீச்சர் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் இன்ஜின் உறுமும், விளக்குகள் திரும்பும், அந்தப் பாட்டு அப்படியே மூழ்கிவிடும். பாடியவருக்குத் தான் பாடியது வெளியே கேட்டது தெரியாது.

மனைவி கிடைத்ததும் அப்படி ஒரு பத்து விநாடியில்தான். அவர் வைத்த முதல் ஜெனரேட்டர் ஒரு துணிக்கடைக்கு. சோதனைக்காக மெயின் சுவிட்சை அணைத்தார். கடை இருண்டது. கல்லாப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல், "யாரும் காலத் தூக்காதீங்க, ஊசி டப்பா கொட்டிக் கெடக்கு" என்றது. வெளிச்சம் வந்தபோது முகத்தைப் பார்க்கக்கூட அவருக்கு அவசரமில்லை. குரலிலேயே ஆள் விழுந்தாயிற்று.

அவரைப் பட்டியல்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டதற்குக் காரணம் அவர் வேலை செய்த விதம். மற்றவர்கள் வீட்டின் அளவைப் பார்த்து ஜெனரேட்டர் விற்பார்கள். இவர், "பெருசா ஒண்ணு வச்சுக் குடுங்க" என்று வருகிறவர்களை உட்கார வைத்து, "பெருசு கெடக்கட்டும். கரண்ட் போனா உங்களுக்கு எது எது ஓடணும், அத மொதல்ல சொல்லுங்க" என்பார். ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் ஓட வேண்டும் என்பார்கள், அல்லது கூச்சப்பட்டுக்கொண்டு எதுவும் வேண்டாம் என்பார்கள். வசதியான ஒரு மனிதர் எழுதிக் கொடுத்த தாளில் மீன்தொட்டி விளக்கு முதலிலும் மாமியார் அறை மின்விசிறி கடைசியிலும் இருந்தன. அந்தத் தாளை மாமியாரே வாங்கிப் படித்துவிட்டார். மறுநாள் வந்த தாளில் மீன்களைக் காணோம்.

ஆகவே அவரே ஒரு நாள் முழுக்க அந்த இடத்தில் போய் உட்காருவார். ஒவ்வோர் அறையிலும் ஒரு நாற்காலி, மடியில் ஒரு நோட்டு, மூடிய கண்கள். எது எப்போது ஓடுகிறது, எது எதனோடு சேர்ந்து கிளம்புகிறது என்று காதாலேயே எழுதுவார். ஒரு மோட்டார் ஓடும்போது ஒரு பங்கு கரண்ட் கேட்டால், கிளம்பும்போது மூன்று பங்கு கேட்கும். அந்த மூன்றையும் கொடுக்கிற ஜெனரேட்டர் வேண்டும். அதற்காக யானை மாதிரி ஒன்றை வாங்கிவைத்துச் சின்ன வேலை கொடுத்தாலும் ஆகாது. டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் புகைக்குழாயெல்லாம் கரி பிடித்துவிடும். அப்புறம் டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும், டேங்க் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் வந்து புகை எந்தப் பக்கம் போகும் என்று அது ஒரு தனிக் கச்சேரி. அவர் தூங்குகிறார் என்று நினைத்துப் பலர் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள். அதுவும் அவருக்குக் கேட்கும்.

கடைசியில் பட்டியல் ஒரே தாளில் வரும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'ஓட வேண்டியவை'. வலப்பக்கம் 'கையால் செய்ய வேண்டியவை' என்று தலைப்பு மட்டும் இருக்கும், கீழே வெறும் தாள்.

"எல்லாத்தயும் இன்ஜின் தலைல கட்ட முடியாது. இடது பக்கம் இல்லாதத நீங்க கையால பாத்துக்கணும். அது என்னன்னு நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லிக் கொடுப்பார். இதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பட்டியலில் ஒன்று விட்டுப்போனது என்று முப்பத்தைந்து வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கே அது தெரியாது.

அந்த ஒருவர், ஊரின் வெளிப்புறத்தில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்திய பெண்மணி. கணவர் போன பிறகு தனியாளாக அதைத் தூக்கி நிறுத்தியவர். பட்டியல்காரர் அவரைத் தங்கச்சி என்பார், அவர் இவரை அண்ணே என்பார். இவர் அங்கே போய் உட்கார்ந்தது ஏழு வருடத்துக்கு முன்பு. முப்பதாயிரம் முட்டைகள் அடுக்கடுக்காக வெதுவெதுப்பில் கிடந்தன. முட்டைத் தட்டுகள் மணிக்கொரு முறை தானே ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தன. மங்கிய மஞ்சள் வெளிச்சம், ஈரமான சூடு, விசிறிகளின் ஒரே சீரான முனகல். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் தானும் ஒரு முட்டைக்குள் இருப்பதாகத் தோன்றும் என்று அன்று மனைவியிடம் சொன்னார். "அதான் வெளிய வர இவ்ளோ நேரமா" என்றாள் அவள்.

பட்டியல் அன்றே முடிந்துவிட்டது. பதினொரு வரி. ஜெனரேட்டர் வந்தது. கொட்டகையில் அதன் பக்கத்திலேயே நாற்பது லிட்டர் சின்ன டேங்க், இன்ஜின் அதிலிருந்து குடிக்கும், ஐந்து மணி நேரம் தாங்கும். மூன்றாம் நாள் டேங்க் கடைக்காரர்கள் வந்து சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய டேங்கைப் புதைத்து, அதிலிருந்து சின்ன டேங்குக்கு டீசலை ஏற்றும் ஒரு பம்பை வைத்து, கைக்கு எட்டிய லைனில் இணைத்துவிட்டுப் போனார்கள். அது தண்ணீர் மோட்டாரின் லைன். ஜெனரேட்டரின் கரண்ட் அந்த லைனுக்குப் போகாது. கரண்ட் இருக்கும்போது பம்பு ஓடி டேங்கை நிரப்பும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், ஜெனரேட்டருக்கே சோறு போடும் பம்பு மட்டும் நின்றுவிடும்.

பட்டியல் போட்ட அன்று அந்தப் பம்பு அங்கே இல்லவே இல்லை. சோதனை அன்று சின்ன டேங்க் தளும்பத் தளும்ப நிறைந்திருந்ததால் அதற்கு வேலையும் இல்லை. பட்டியல்காரர் மெயினை அணைத்தார். பத்து விநாடி. விசிறிகள் ஓய்ந்தன. அப்போது முட்டைகளுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மறுநாள் பொரிய வேண்டிய குஞ்சுகள், ஓடு உடையும் முன்பே, உள்ளேயிருந்து ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கில், மிக மெல்லியதாக. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. புதுப் பம்பு வந்திருப்பது தெரிந்தும், அந்த மயக்கத்தில் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை, பட்டியலில் சேர்க்கவும் இல்லை.

அவர் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள், ஊர் முழுக்கக் கம்பி மாற்றுவதால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கரண்ட் இருக்காது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அன்று மதியம் அவர் முடிதிருத்தும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விசிறி இல்லை, ரேடியோ இல்லை. கத்தரிக்கோல் மட்டும் காதோரம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. கண்கள் தானாக மூடின.

கனவில் அவர் வைத்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. வங்கியின் பின்கதவு துணிக்கடைக்குள் திறந்தது. துணிக்கடை மாடிப்படி பள்ளிக்கூடத்தில் போய் ஏறியது. ஒவ்வோர் இடத்திலும் அவர் உள்ளே நுழைந்ததும் கரண்ட் போகும், பத்து எண்ணுவார், இன்ஜின் உறுமும், தலையசைத்துவிட்டு அடுத்த கதவைத் திறப்பார். கடைசிக் கதவு பொரிப்பகம். அங்கும் பத்து எண்ணினார், பதினொரு வரியும் ஓடின. திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் கால்கள் நிற்காமல் அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயின. அங்கே ஒரு சின்னப் பம்பு வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் ஓடுது, நீ ஏன் ஓடல?" என்று கேட்டார்.

"என்னய நீங்க எழுதவே இல்லயே" என்றது பம்பு.

விழித்தபோது கடிகாரத்தில் ஒன்றரை. ஒன்பதும் ஐந்தும் பதினாலு என்பதைக் கூட்டிப் பார்க்க அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. இரண்டு மணிக்கு இன்ஜின் நிற்கும். கழுத்துத் துணியோடு எழுந்தார்.

"அண்ணே, ஒரு பக்கந்தான் ஆயிருக்கு. மீதிய யார் தலைல வெட்டுறது?" என்றார் கடைக்காரர்.

"வச்சிருங்க, வரேன்" என்று துணியைக் கையில் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பொரிப்பகத்தில் யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் தன்னால் முடிந்த வேகத்தில் போனது, அதாவது மெதுவாக. வழியெல்லாம் அவர் மனதில் முப்பதாயிரம் முட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தன. தான் செத்துப்போன பிறகும் ஓடும் என்று நினைத்திருந்த ஒன்று தன் கண் முன்னாலேயே நிற்கப் போகிறது என்று பயந்தார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஓடினார். அங்கே அந்தப் பெண்மணி ஒரு முக்காலியின் மேல் நின்றிருந்தார். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் பத்து லிட்டர் கேனைத் தூக்கிச் சின்ன டேங்கின் வாயில் சாய்க்கப் பார்க்கிறார், கேன் நடுங்குகிறது, டீசல் பாதி உள்ளே போகிறது, பாதி புடவையில் வழிகிறது.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே, இதக் கொஞ்சம் பிடிங்க" என்றார், அவர் தினமும் வருகிற ஆள் மாதிரி. "குஞ்சு எடுக்குற நாளு. வேலைக்கு வர்ற பொண்ணுங்க ரெண்டு பேரும் உள்ள கூடையோட நிக்குறாங்க. நேத்து கழுவுன தரைல வழுக்கி விழுந்துட்டேன், இந்தக் கை ஒத்துழைக்க மாட்டேங்குது."

பட்டியல்காரர் கேனை வாங்கி ஊற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய டேங்கின் வாயில் ஒரு கைப்பம்பு மாட்டியிருந்தது. கைப்பிடி தேய்ந்து பளபளத்தது. அதைச் சுழற்றி அடுத்த கேனை நிரப்பிக்கொண்டு வந்து அதையும் ஊற்றினார். கண்ணாடிக் குழாயில் டீசல் மட்டம் ஏறியது. அப்போதுதான் சுவரைப் பார்த்தார். அவர் பட்டியல், பிளாஸ்டிக் உறைக்குள், ஏழு வருடமாக அங்கேயே. இடப்பக்கம் அவர் கையெழுத்தில் பதினொரு வரி. வலப்பக்கம் அந்தப் பெண்மணியின் கையெழுத்தில் மூன்று வரி. ஜன்னல் திறப்பது. சூடு பார்த்து எழுதுவது. டீசல் ஊற்றுவது.

"இது எப்போ எழுதினது தங்கச்சி?"

"நீங்க வச்சுக் குடுத்த அதே வருஷம். மொத தடவ நீளமா கரண்ட் போனப்ப பாத்தேன், பம்பு ஓடல. சரி, இடது பக்கம் இல்ல, அப்ப இது கை வேலைன்னு எழுதிக்கிட்டேன். நீங்கதான சொன்னீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பேர் அப்படியே இருந்திருக்கும். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு அவருக்கு வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, வந்தது. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பாதி வெட்டிய தலையோடு நின்று சொன்னார்.

"நீங்க தப்பா எழுதல. நான்தான் எழுதாம விட்டுட்டேன். அந்தப் பம்பு ஜெனரேட்டர்ல ஓடியிருக்கணும்."

அந்த அம்மாள் முதலில் அவர் தலையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஓடுமா அது?"

"ஒரு ஒயர் மாத்துனா ஓடும்."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமாத்தான்" என்றார் பட்டியல்காரர்.

"எங்கக்கா மக கல்யாணத்தன்னிக்கும் இதே மாதிரி நாள் பூரா கரண்ட் கட்டு" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. "டீசல் ஊத்த இங்கயே நின்னுட்டேன், போக முடியல. என்னதான் சொந்தமோ, கோழிதான் உனக்குப் பெருசுன்னு அக்கா சொல்லிட்டா. நாலு வருஷமாச்சு. போன் பண்ணா எடுப்பா. பேச மாட்டா. நான் ஹலோ ஹலோன்னு கத்திட்டு வச்சிருவேன்." பிறகு, "நீங்க எழுதினத நான் அவ்ளோ நம்பினேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குஞ்சுகளைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பம்பின் லைனை மாற்ற வேண்டுமானால் இன்ஜினை நிறுத்த வேண்டும், பொரிந்துகொண்டிருக்கும்போது அது நடக்காத காரியம். அன்று கைதான். மாலை ஆறு வரை பட்டியல்காரர் கைப்பம்பைச் சுற்றினார், கேனைத் தூக்கினார், முக்காலியில் ஏறி இறங்கினார். நான்கு மணிக்கு மேல் தோள் மரத்துப்போனது. உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். அந்த அம்மாள் திரும்ப வரவில்லை. வெயில் சுவரில் மெதுவாக இறங்கி அந்தத் தாளின் மீது வந்து நின்று, மூன்றாவது வரியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட மனைவி அவர் தோளில் தைலம் தேய்த்தாள்.

"காலைல போய் லைன் மாத்திடுறேன்" என்றார்.

"மாத்துங்க. அந்தக் கல்யாணத்த எந்த ஒயர்ல சேப்பீங்க?"

மறுநாள் காலை அவர் பையோடு போனார். கரண்ட் இருந்தது, பயமில்லை. ஒரு மணி நேர வேலை. ஏழு வருடத்துக்கு ஒரு மணி நேரம். முடித்துவிட்டுத் தாளை வெளியே எடுத்து, இடப்பக்கம் பன்னிரண்டாவது வரியாக 'டீசல் பம்பு' என்று எழுதினார். வலப்பக்கம் மூன்றாவது வரியை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. அப்படியே மாட்டினார்.

"தங்கச்சி, அக்கா நம்பரப் போட்டுக் குடுங்க. நான் பேசுறேன்."

"பேச மாட்டா அண்ணே."

"கேப்பாங்கல்ல, போதும்."

போன் எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பட்டியல்காரர் பொரிப்பு அறை வாசலில் நின்று, விசிறிகளின் இரைச்சலில் குரலை உயர்த்தி, தான் யார், என்ன எழுதினேன், என்ன எழுதாமல் விட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். "ஒங்க தங்கச்சிக்குக் கோழி பெருசில்லம்மா. என் பேச்சு பெருசாப் போச்சு. தப்பு என்னோடது" என்று முடித்தார். பதில் இல்லை. ஆனால் இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. போனை அந்த அம்மாளிடம் கொடுத்தார்.

"பம்புக்கு வேல இருக்கணும்னு சின்ன டேங்க்லேந்து இப்பத்தான் பாதி டீசல எறக்கி வச்சேன். சோதிச்சுப் பாக்கணும், மெயின அணைக்கப் போறேன்" என்றார். அந்த அம்மாளின் கால்கள் உடனே கொட்டகைப் பக்கம் திரும்பின.

"எங்க போறீங்க?"

"கரண்ட் போனா டேங்க் மட்டம் பாக்கணும்ல. பழக்கமாயிடுச்சு, கால் தானாப் போகுது."

"வேண்டாம். இன்னிக்கு இங்கயே நில்லுங்க."

அவர் அணைத்தார்.

மஞ்சள் வெளிச்சம் போனது. விசிறிகள் ஓய்ந்தன. ஒன்று, இரண்டு. மறுநாள் பொரிய வேண்டிய தட்டுகளிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. ஓட்டுக்குள்ளிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, மெல்லியதாக, ஆயிரம் குரலில். ஏழு வருடமாக அதே கூரையின் கீழ் இருந்தும், கரண்ட் போன மறுநொடியே கொட்டகைக்கு ஓடியதால், அந்த அம்மாள் அதைக் கேட்டதில்லை. ஒரு தட்டு முட்டையைக் கையிலெடுத்துக் கேட்டிருக்கிறார், ஓரிரு குரல். அறை முழுக்க இப்படிக் கேட்டதில்லை. மாவுக்கட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். போன் பிடித்த கை கீழே தொங்கியது. ஏழு, எட்டு. பட்டியல்காரர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜின் உறுமியது. விளக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், சன்னமாக, பம்பு ஓடத் தொடங்கியது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில், தொங்கிய கையிலிருந்த போனுக்குள், நான்கு வருடமாகப் பேசாத ஒரு குரல் கேட்டது.

"என்னடி அது, முட்டைக்குள்ளயிருந்தா கத்துது?"

அந்த அம்மாள் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். பட்டியல்காரரைப் பார்த்து, மெயின் பக்கம் கையைக் காட்டி, இன்னொரு தடவை அணைக்கச் சொன்னார்.